ஏழாம் எண் வீட்டுக் கயிறு

ஜனவரி 4

இந்த டைரியை எனக்குக் கொடுத்தவன் சவப்பெட்டிக் கடைக்காரன். வருடா வருடம் எங்கள் பன்னிரண்டு வீட்டுக்கும் இலவசமாகக் கொண்டுவந்து போடுகிறான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவனுடைய போன் நம்பர். வியாபாரத்தில் முன்யோசனை உள்ளவன். எழுபத்தாறு வயதில் எனக்கு வந்த ஒரே புத்தாண்டுப் பரிசு இதுதான் என்பதால், கடைசிப் பக்கம் வரை எழுதித் தீர்ப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

தங்கபுஷ்பம் ஆகிய நான் பாளையங்கோட்டையில் பிறந்து, இருபத்துநாலு வயதில் நர்ஸாக இங்கிலாந்து வந்து, முப்பத்தெட்டு வருடம் வெள்ளைக்காரர்களைப் புரட்டிப் படுக்கவைத்து, ஆறு வருடமாக டில்லார்ட் ஆஸ்பத்திரியில் ஏழாம் எண் வீட்டில் இருக்கிறேன். ஆஸ்பத்திரி என்ற பெயரைக் கேட்டு யாரும் ஏமாற வேண்டாம். டாக்டரும் இல்லை, மருந்தும் இல்லை. 1684இல் ஆம்ப்ரோஸ் டில்லார்ட் என்ற கம்பளி வியாபாரி, மோட்சத்தில் இடம் பிடிப்பதற்காக ஏழைக் கிழடுகளுக்குக் கட்டிவிட்ட தர்ம வீடுகள் இவை. முற்றத்தைச் சுற்றிச் செங்கல் வீடுகள், வீட்டுக்கு ஒரு புகைபோக்கி, கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, நடுவே சுருண்டு ஏறும் ஒரு மரப்படிக்கட்டு. கைப்பிடி கிடையாது. தர்மம் வாங்குகிற கைக்குப் பிடிப்பு வேறு எதற்கு என்று நினைத்திருப்பான்.

ஜனவரி 6

பால், ரொட்டி, மூட்டுவலித் தைலம். முற்றமெல்லாம் பனி.

ஜனவரி 9

இங்கே ஒரு வழக்கம். காலை ஒன்பது மணிக்குள் மாடிச் சன்னலின் மரக்கதவை உட்பக்கமாக இழுத்துத் திறக்க வேண்டும். இருட்டியதும் சாத்த வேண்டும். திறந்திருந்தால் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று பொருள். எட்டாம் எண் டெஸ்மண்ட் முற்றத்தில் நின்று எண்ணி, "பன்னிரண்டு!" என்று கத்துவார். பார்படோஸ்காரர், முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், தொண்டையில் இன்னும் ஹாரன் இருக்கிறது. என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்பதால் இந்த டைரியில் அவர் எனக்கு அண்ணாச்சி. இங்கிலீஷில் பேசுகிறவர்களையெல்லாம் நான் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதப்போகிறேன். அப்படி எழுதினால்தான் இவர்கள் பேசுவதன் லட்சணம் தெரிகிறது.

சன்னல் திறக்காவிட்டால் கதவைத் தட்டுவார்கள். செத்திருந்தால் பிரச்சினை இல்லை. உயிரோடு கீழேயே உட்கார்ந்திருந்தால்தான் பிரச்சினை. மாடி ஏற முடியாதவர் "தனித்து வாழும் தகுதி இழந்தவர்". இந்த வீடுகளை நிர்வாகம் செய்கிற கிளார்க் டவுலிங் கடிதம் எழுதிவிடுவார். மூன்றாம் எண் மார்ஜரியைப் போன வருடம் அப்படித்தான் முதியோர் விடுதிக்கு ஏற்றினார்கள். நான் வாடகைக்காரி அல்ல, தர்மம் பெறுகிறவள். ஒரு கடிதம் போதும்.

ஜனவரி 17

இன்று காலை இறங்கும்போது நாலு படியை ஒன்றாகச் சேர்த்து இறங்கினேன். விழவில்லை. உட்கார்ந்தேன், கொஞ்சம் வேகமாக. இடுப்பில் ஓரிடம் நாவல்பழ நிறத்தில் இருக்கிறது. என் வார்டில் ஒருத்தி இப்படி வந்திருந்தால் எக்ஸ்ரே எடுக்காமல் விட்டிருக்க மாட்டேன். ஆனால் எக்ஸ்ரே எடுத்தால் டாக்டருக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரிந்தால் டவுலிங்குக்குத் தெரியும்.

ஜனவரி 18

தங்கை ஜெயசீலி போன் செய்தாள்.

"அக்கா, ஒன் பங்களாவ ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன். சபையில எல்லாரும் கேக்காவ."

முன்னூறு வருடத்துப் பங்களா என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். முன்னூறு வருடம் என்பது பொய்யில்லை.

"பனி கொட்டுதுட்டி. போட்டோல ஒண்ணும் விழாது."

"கால் எப்படி இருக்கு?"

"என் காலுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு."

"இங்க நம்ம மாடிப்படிக்கு ரெண்டு பக்கமும் ஸ்டீல் கம்பி போட்டிருக்குல்லா, அது இல்லன்னா நானெல்லாம் மொட்டமாடிக்கே போவ முடியாது, கேட்டியா."

கேட்டேன். அந்தக் கம்பியை எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்று இங்கிருந்து சொன்னவளே நான்தான்.

ஜனவரி 28

எனக்கென்று சொல்லாமல், "பொதுவாக வயதானவர்களின் நலன் கருதி" என்று கைப்பிடி கேட்டு டவுலிங்கிடம் மனுக் கொடுத்தேன். டவுலிங் நல்ல மனிதர் போலத் தலையாட்டுவார். அதற்குத்தான் சம்பளம்.

"நம்ம கையில இல்லம்மா. கட்டடம் பாதுகாப்புப் பட்டியல்ல இருக்கு. ஒரு ஆணி அடிக்கணும்னாலும் கவுன்சில்ல பாரம்பரிய அதிகாரி வந்து பாக்கணும்."

"வந்து பாக்கட்டும். படிக்கட்டு எங்கயும் ஓடிப்போயிராது."

பிப்ரவரி 6

பாரம்பரிய அதிகாரி வந்தாள். பெயர் பிலிப்பா. கழுத்தில் மூன்று சுற்றுச் சால்வை, கையில் டார்ச், காலில் உறை. என்னைப் பார்த்து ஒரு வணக்கம், சுவரைப் பார்த்து ஒரு பெருமூச்சு. பிறகு அரை மணி நேரம் அந்தச் சுவரைத் தடவினாள். நானும் எத்தனையோ நோயாளிகளைத் தடவிக் கொடுத்திருக்கிறேன், இவ்வளவு பாசமாக யாரையும் தடவியதில்லை.

"இது எவ்ளோ பெரிய பொக்கிஷம்னு ஒங்களுக்குத் தெரியுமா? சுண்ணாம்புல மாட்டு முடியக் கலந்து பூசுனது. இதுல ஒரு ஓட்ட போட்டா போனது போனதுதான். திரும்ப வராது."

"இடுப்பும் அப்படித்தாம்மா."

அதை அவள் எழுதிக்கொள்ளவில்லை. படிக்கட்டின் நடுவே நிற்கும் மரத்தூணிலாவது கைப்பிடி அடிக்க முடியுமா என்றேன். தூண் ஓக் மரமாம், டில்லார்ட் காலத்துத் தச்சன் கையால் இழைத்ததாம். நான் ஆணி அடிக்கச் சொன்னது அந்தத் தச்சன் தலையில் என்பதுபோலப் பார்த்தாள்.

"ஒரு நாளைக்கு ஒருக்க மட்டும் ஏறி எறங்குனாப் போதாதா?" என்று யோசனை வேறு.

போகும்போது ஒரு சிறு புத்தகம் கொடுத்தாள். பழைய வீட்டுக்கு ஏற்ப நம் வாழ்க்கையை எப்படி மாற்றிக்கொள்வது என்று படம் போட்டு விளக்கியிருக்கிறது. கடைசிப் பக்கத்தில், அனுமதி இல்லாமல் கட்டடத்தில் கை வைத்தால் அபராதமும் சிறையும் உண்டு என்று இருக்கிறது. சிறையில் கைப்பிடி இருக்குமா என்று போடவில்லை.

பிப்ரவரி 8

நாற்காலியில் தூங்குவது முதுகுக்கு நல்லது. பெரிய பெரிய டாக்டர்களே சொல்லியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 13

சன்னலுக்காக மட்டும் மாடிக்குப் போகிறேன். ஏறும்போது கையும் காலும் ஊன்றி. இறங்கும்போது உட்கார்ந்து உட்கார்ந்து. ஒரு தடவைக்கு இருபது நிமிடம். காலை ஒன்று, மாலை ஒன்று. நேற்று மாலை சோம்பல்பட்டுத் திறந்தே போட்டுவிட்டேன். இன்று காலை அண்ணாச்சி கேட்கிறார், "என்ன சிஸ்டர், ராத்திரியும் பகலும் ஒண்ணா ஆயிட்டா ஒங்க வீட்ல?"

சிரித்துவைத்தேன்.

பிப்ரவரி 20

மூளை இன்னும் வேலை செய்கிறது. ஜெயசீலி கல்யாணத்துக்குக் கட்டிய நூல் சேலையை நாலாகக் கிழித்து முடிந்தேன். ஒரு முனையைச் சன்னல் கதவில் கட்டி, மறுமுனையைப் படிக்கட்டு வழியாகக் கீழே கொண்டுவந்தால், நாற்காலியில் உட்கார்ந்தபடியே இழுத்துத் திறந்து, அங்கேயே முடிந்துவைக்கலாம். மாலையில் முடிச்சை அவிழ்த்துவிட்டால் கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும். அதற்கு ஊரிலிருந்து கொண்டுவந்த அம்மிக் குழவி. கதவிலிருந்து மாடி விட்டத்து ஆணி வழியாக இன்னொரு கயிறு போட்டு, அதன் நுனியில் தொங்கவிட்டேன். ஐம்பது வருடம் கழித்துக் குழவிக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது.

ஒரே ஒரு குறை. படிக்கட்டு வளைகிற இடத்தில் சேலை சுவரில் உரசிச் சிக்குகிறது. அங்கே ஒரு கொக்கி வேண்டும். பொக்கிஷச் சுவர்தான். ஒரே ஒரு கொக்கி.

பிப்ரவரி 21

கொக்கி அடித்தேன். மூன்றாவது அடியில் தோசைக்கல் அகலத்துக்குச் சுவர் பெயர்ந்து என் மடியில் விழுந்தது. மாட்டு முடி நிஜமாகவே இருக்கிறது, பிலிப்பா பொய் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். பயமாகத்தான் இருந்தது. கைக்கு வந்ததையெல்லாம் ரொட்டிப் பையில் அள்ளிப் போட்டேன்.

பெயர்ந்த இடத்துக்குள் ஓர் இரும்பு வளையம் இருந்தது. என் கட்டைவிரல் தடிமன். யாரோ சுவருக்குள் பதித்து, பிறகு யாரோ மேலே பூசி மூடியிருக்கிறார்கள். எனக்குத் தேவைப்பட்டது கொக்கி, கிடைத்தது வளையம். சேலையை அதற்குள் விட்டு இழுத்தேன். வழுக்கிக்கொண்டு போனது.

பிப்ரவரி 22

காலை எட்டே முக்கால். நாற்காலியிலிருந்து இழுத்தேன். மாடியில் கதவு திறந்தது. வெளியே அண்ணாச்சி, "பன்னிரண்டு!"

டில்லார்டுக்கும் டவுலிங்குக்கும் பிலிப்பாவுக்கும் சேர்த்து ஒரு கப் காபி குடித்தேன்.

மார்ச் 11

ஒன்றும் விசேஷமில்லை. சன்னல் திறக்கிறது, சாத்துகிறது.

மார்ச் 15

அண்ணாச்சி கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிட்டார். எல்லா வீட்டு மாற்றுச்சாவியும் அவரிடம்தான் இருக்கிறது. படிக்கட்டில் நீளும் சேலையைப் பார்த்தார். நாற்காலியில் கிடந்த தலையணையைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மூணு வாரமாப் பாக்கேன் சிஸ்டர். மனுசக் கை தொறக்குற மாதிரி இல்ல, பஸ் கதவு தொறக்குற மாதிரில்லா தொறக்குது!"

"டவுலிங்கிட்ட சொல்லப்போறீங்களா அண்ணாச்சி?"

"நான் எண்ணுதது சன்னல. கால இல்ல."

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சளி என்று சொல்லி மூக்கைத் துடைத்தேன். அவர் படியில் ஏறி வளையத்தைத் தடவிப் பார்த்தார். அதற்குள் ஒட்டியிருந்த நாரை நகத்தால் கிள்ளி எடுத்து வந்தார்.

"இது கயிறுல்லா. கப்பல் கயிறு மாதிரி. ஒங்க இடுப்பு ஒசரத்துக்கு ஏன் சுவத்துல வளையம் வச்சிருக்கான்?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வெட்கக்கேடு, மூன்று வாரம் அதற்குள் சேலையை விட்டு இழுத்தவள் நான், எனக்குத் தோன்றவில்லை. கைப்பிடி! டில்லார்டின் தச்சன் கிழடுகளுக்காகச் சுவர் நெடுகக் கயிறு கட்டியிருக்கிறான். பிறகு வந்த எந்தப் புண்ணியவானோ அதை அறுத்துவிட்டு, அழகாகப் பூசி, அந்தப் பூச்சையும் பொக்கிஷமாக்கிவிட்டான்.

மார்ச் 16

சொன்னால் சுவரை உடைத்தது தெரியும். சொல்லாவிட்டால் நாற்காலிதான் கதி. நாற்காலி முதுகுக்கு நல்லது என்று எழுதியது பொய். கால் இரண்டும் பூசணிக்காய் போல வீங்கியிருக்கிறது.

சேலையைக் கழற்றிவிட்டு (சன்னலுக்கு இனிப் பழையபடி கையும் காலும் ஊன்றித்தான்), பிலிப்பாவுக்குப் போன் செய்தேன். மாதா படம் மாட்ட ஆணி அடித்தேன் என்று சொன்னேன். நான் சி.எஸ்.ஐ. சபை. எங்கள் வீட்டில் மாதா படம் இருந்ததே இல்லை. கர்த்தர் மன்னிப்பார்.

மார்ச் 19

பிலிப்பா முகத்தை இறுக்கிக்கொண்டு வந்தாள். ரொட்டிப் பையைத் திறந்து சுண்ணாம்புத் துண்டுகளைப் பார்த்தபோது, பிணவறையில் அடையாளம் காட்ட வந்தவள்போல இருந்தாள். அப்புறம் வளையத்தைப் பார்த்தாள். படியிலேயே மண்டியிட்டுவிட்டாள். கண்ணில் நிஜக் கண்ணீர். ஏதோ கருவியால் சுவரைத் தட்டித் தட்டி இன்னும் ஐந்து வளையம் இருப்பதாகக் கண்டுபிடித்தாள்.

"1684! மூலக் கைப்பிடி! இந்த மாவட்டத்துலயே வேற எங்கயும் கெடையாது. இதத் திரும்பக் கட்டியே ஆகணும்!"

"அனுமதிக்கு மனுப் போடணுமா?"

"நானே எழுதுதேன். இது புதுசா வைக்கிறது இல்ல, உள்ளத மீட்கிறது."

எழுபத்தாறு வயதுக் கிழவி விழுவாள் என்பதற்காகக் கைப்பிடி கேட்டால் முடியாது. முன்னூறு வருடத்துக்கு முன் செத்துப்போன கிழவி பிடித்தாள் என்றால் உடனே முடியும். இதைப் புரிந்துகொள்ள நான் நர்ஸ் வேலைக்குப் போயிருக்கக் கூடாது, சாகப் போயிருக்க வேண்டும்.

ஏப்ரல் 22

கயிறு வந்தது. சணலில் திரித்தது, என் மணிக்கட்டுத் தடிமன். ஆறு வளையத்திலும் கோத்து இறுக்கிவிட்டுப் போனார்கள். எல்லாரும் போனபிறகு பிடித்தேன். உள்ளங்கையில் நன்றாக உட்கார்ந்தது. ஒரு படி. இன்னொரு படி. பதினான்கையும் நின்றபடி ஏறினேன். பிப்ரவரியிலிருந்து படுக்காத என் கட்டிலில் போய் நீட்டிப் படுத்தேன். அவ்வளவு சந்தோஷம். வேறென்ன எழுத.

ஏப்ரல் 23

சன்னலை என் கையால் திறந்தேன். அண்ணாச்சி தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.

மே 14

டவுலிங்கின் கடிதம். நாலு தடவை படித்தேன். ஏழாம் எண் வீடு இனி "அரிய சான்று" ஆகிவிட்டதால், பார்வையாளர்களுக்கான காட்சி இல்லமாகப் பாதுகாக்கப்படுமாம். அன்றாடப் புழக்கத்தால் கயிறு தேய்ந்துவிடுமாம். தேய்வதற்குத்தானே கயிறு! எனக்கு, பின்புறம் குப்பைத் தொட்டிகளுக்கு அடுத்து 1974இல் கட்டிய கீழ்த்தளத்து அறை. "அங்கே படிகளே இல்லை என்பது தங்களுக்கு மகிழ்ச்சி தரும்" என்று ஒரு வரி.

ஜூன் 18க்குள் மாற வேண்டும். ஜூன் 24 நிறுவனர் நாளில் திறப்பு விழா, பிஷப் வருகிறார்.

மே 15

டவுலிங்கைப் பார்க்கப் போனேன்.

"ஒங்க நன்மைக்குத்தாம்மா. அந்த ரூம்ல கக்கூஸ்ல கூட ரெண்டு கைப்பிடி இருக்கு."

"நான் கேட்டப்ப அதுல ஒண்ண எடுத்து இங்க மாட்டியிருக்கலாம்லா?"

அவர் நல்ல மனிதர் போலத் தலையாட்டினார்.

ஜூன் 18

மாறிவிட்டேன். இந்த அறைக்குச் சன்னல் ஒன்று. அதற்கு மரக்கதவு இல்லை, திறக்கவும் வராது. குப்பை லாரி தெரிகிறது. கைப்பிடிகள் ஏழு. எண்ணிப் பார்த்தேன். காலையில் அண்ணாச்சி பதினொன்று வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த அமைதி எனக்கு இங்கே வரை கேட்டது.

ஜூன் 20

ஜெயசீலியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். பங்களா இல்லை, ஏழைகளுக்கான தர்ம வீடு, அதிலிருந்தும் எழுப்பிவிட்டார்கள் என்று.

"எனக்குத் தெரியும்க்கா. ஒன் அட்ரஸ அஞ்சு வருசம் முன்னாலயே இவ கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டுனா, என் மருமவ."

"தெரிஞ்சுதான் போட்டோ கேட்டியா?"

"ஒரு நாளாவது நீயா சொல்லுவேன்னு பாத்தேன். இங்க வந்துரு. இது ஒன் வீடுல்லா."

வருகிறேன் என்று சொல்லிவிடத்தான் நினைத்தேன். ஆனால் வாயில் வேறொன்று வந்தது. "என் வீடு ஏழாம் நம்பருட்டி."

ஜூன் 23

அண்ணாச்சி விழா ஏற்பாடுகளைச் சொன்னார். நிறுவனர் நாளில் சன்னல் திறந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு மாடிச் சன்னலிலும் குடியிருப்பவர் முகம் தெரிய வேண்டும். அண்ணாச்சி முகங்களை எண்ணிச் சொல்ல, "பன்னிரண்டு வீட்டிலும் பன்னிரண்டு பேர் குடியிருக்கக் கண்டேன்" என்று டில்லார்டின் பழைய பத்திரத்தை வாசித்துவிட்டு, கிளார்க் கையெழுத்துப் போட வேண்டும். முன்னூறு வருடத்துக் கையெழுத்துகள் அந்தப் புத்தகத்தில் இருக்கின்றன.

"ஏழுல யார் நிப்பா?"

"பொம்ம, சிஸ்டர். துணிக்கடைப் பொம்மைக்கு அங்கி மாட்டி, வெள்ளத் தொப்பி போட்டு நிப்பாட்டியிருக்காவ. அதையும் சேத்து எண்ணச் சொல்லுதாரு டவுலிங்."

என் சன்னலில் எனக்குப் பதிலாக ஒரு பொம்மை. அதற்கு இடுப்பு வலிக்காது, மனுவும் கொடுக்காது. இவர்கள் தேடிக்கொண்டிருந்த கிழவி அவள்தான்.

அண்ணாச்சி எழுந்து போன பிறகு பார்த்தேன். மேசைமேல் ஏழாம் எண் சாவி இருந்தது.

ஜூன் 24

காலை எட்டு மணிக்கு என் வீட்டைத் திறந்தேன். கயிற்றில் ஓர் அட்டை தொங்கியது. "தயவுசெய்து தொடாதீர்கள்." இரண்டு கையாலும் தொட்டேன். பதினான்கு படியும் தொட்டுக்கொண்டே ஏறினேன். பொம்மையைத் தூக்கிக் கட்டிலில் படுக்கவைத்து, போர்த்தியும் விட்டேன். அது பழக்கதோஷம். சன்னலைத் திறந்து நின்றேன்.

ஒன்பது மணி. கீழே பிஷப், மேயர், பிலிப்பா, தொப்பி வைத்த சீமாட்டிகள். அண்ணாச்சி எண்ணிக்கொண்டே வந்தார். ஏழுக்கு வந்ததும் குரல் இரண்டு மடங்கானது. பன்னிரண்டில் முடித்துவிட்டு, "எல்லாம் உயிருள்ள மொகம்!" என்று சேர்த்துக்கொண்டார். முற்றத்தில் ஒரே கைதட்டல். டவுலிங் மட்டும் மேலே பார்த்துப் பேனாவைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

முப்பத்தெட்டு வருடம் வார்டில் கத்திய குரல் எனக்கும் இருக்கிறது.

"கையெழுத்துப் போடுங்க டவுலிங் ஐயா. குடியிருக்கேன்லா!"

அவர் பிஷப்பைப் பார்த்தார். பிஷப் என்னைப் பார்த்துக் கையசைத்தார். டவுலிங் கையெழுத்துப் போட்டார். பேனா நகர்வதைப் பிலிப்பா கூட மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் ஆகிறது. இன்னும் இறங்கவில்லை. கட்டிலில் பொம்மையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணாச்சி என் தலையணையையும் காபிப் பொடியையும் குழவியையும் எடுத்துவரப் போயிருக்கிறார். அட்டையைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் "பிடித்துக்கொண்டு ஏறவும்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

டவுலிங் நாளைக்கே கடிதம் போடுவார். போடட்டும். கீழே போய் எடுத்துவர எனக்குக் கயிறு இருக்கிறது.